நிழல்: குறைவு

நாற்பதாயிரம் சீட்டு.
தள்ளி எடுத்ததில் நாலு போக
முப்பத்தாறு.

வண்டி வாங்கு என்றார்கள் வீட்டில்.
கம்ப்யூட்டர் என்றேன்.
ஆபீஸ் வேலைக்கா என்றதற்கு
ம் என்றேன்.
லேபில் ரத்தம் எடுக்கிறவளுக்கு
வீட்டில் என்ன ஆபீஸ் வேலை என்று
நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ப்ராசசர் ஐந்து, போர்டு நாலரை,
ராம் இரண்டரை, எஸ்எஸ்டி இரண்டரை,
சப்ளையும் டப்பாவும் நாலரை.
பதினேழு மிச்சம்.
அதற்குள்தான் கார்டும் மானிட்டரும்
அடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடமாகக் காதில் மட்டும் இருந்தவன் தேசப்பன்.
"வலது பக்கம் ரெண்டு பேர், ஒக்காரு ஒக்காரு" என்று
வியாசர்பாடியிலிருந்து கத்துவான்.
பர்மா பஜாரில் நேரில் நின்றபோது
குரலுக்குப் பொருந்தாத ஒல்லி.

"எல்லாக் காசையும் கார்டுல போடுக்கா.
மானிட்டர் சும்மா கண்ணாடி."

கார்டு நூற்றிருபது தள்ளும்.
அறுபது ஹெர்ட்ஸ் திரை அறுபதுதான் ஏற்றும்.
எண்ணூர் பஸ் என்றால்
மீதி அறுபது பேர் படியில் தொங்கியாவது
வந்து சேர்ந்துவிடுவார்கள்.
மானிட்டருக்குப் படிக்கட்டு கிடையாது.

இதைச் சொன்னதும் யோசித்தான்.
யோசித்துவிட்டு மறுபடி
கார்டுதான் என்றான்.

கடைக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை.
"தம்பி, எட்டு ஜிபி, எட்டரைக்குத் தர்றேன்.
வீட்டு யூஸ், மூணே மாசம்."
"அவங்கதாண்ணா வாங்குறாங்க."
அதற்கப்புறமும் தம்பிதான்.

கையில் வாங்கினேன்.
பளபளவென்று துடைத்த கார்டு.
விசிறி இதழின் உள்விளிம்பில் மட்டும்
பழைய தூசு.
திருகாணியை மூடிய குட்டி ஸ்டிக்கரின் நடுவில்
ஒரு புள்ளி.
பக்கத்தில் இன்னொன்று.
ஒரு நாளைக்கு அறுபது கை பார்க்கிறேன்.
குத்திய இடம் தெரியாதா எனக்கு?

"அரை மணி ஓட்டிக் காட்டுங்க."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

அறுபத்தெட்டு. எழுபத்தைந்து. எண்பத்தொன்று.
காய்ச்சல் ஏறுவதைப் பார்ப்பதுபோல்
மூன்று பேரும் பேசாமல் நின்றோம்.
எண்பத்தேழில் விசிறி கிறீச்சிட்டது,
திரை முழுக்கப் பச்சைப் புள்ளி,
அம்மை போட்டமாதிரி.
ராத்திரி பகல் பாராமல் எங்கேயோ
யாருக்கோ காசு தோண்டிய உடம்பு.
அதன் மேல் எனக்குக் கோபமில்லை.
மெதுவாகத்தான் திருப்பி வைத்தேன்.

அடுத்த கடையில்
புதுசு, நாலு ஜிபி, ஒற்றை விசிறி: ஒன்பதாயிரத்து இருநூறு.
நூறு ஹெர்ட்ஸ் மானிட்டர்: ஏழாயிரத்து எண்ணூறு.
பர்ஸில் பஸ்ஸுக்குக்கூட இல்லை.

உனக்கு டிக்கெட் கிடையாதும்மா,
மானிட்டருக்கு உண்டு என்றார் கண்டக்டர்.
தேசப்பன் கொடுத்தான்.
காசிமேட்டில் கூடையோடு ஏறிய அம்மா
பெட்டியில் அச்சடித்த கண்ணாடிக் கோப்பையைப் பார்த்து
"உள்ள சரக்கா?" என்று கேட்டாள்.
முப்பத்தாறாயிரம் சரக்கு என்றேன்.
தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

போன் ஹாட்ஸ்பாட்டில்
எழுபத்தெட்டு ஜிபி இறங்க மூன்று ராத்திரி.
அதுவரை வெறும் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டே
சாப்பிட்டேன்.

நாலாவது ராத்திரி ஆட்டம் திறந்தது.
ஐம்பத்தொன்று பிரேம். திக்கியது.
"செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் கொறைக்கா."

புல்: இல்லை.
தண்ணீர்: குறைவு.
நிழல்: குறைவு.
புகை

இங்கே கொஞ்ச நேரம் மவுஸ் நின்றது.
ஜன்னலில், மணலிப் பக்கம்,
ஆலைக் குழாயின் உச்சியில் அந்தத் தீ
எப்போதும்போல் ஆடிக்கொண்டிருந்தது.
அதற்கு மெனு எங்கே என்று
தேசப்பனிடம் கேட்க நினைத்தேன்.
அவனுக்கு அவசரம்.

புகை: குறைவு.
தொண்ணூற்றாறு வந்தது.

"வலது பக்கம் ரெண்டு பேர்!"
தெரியுது என்றேன்.
மூன்று வருடத்தில் முதல்முறை
நிஜமாகவே தெரிந்தது.