கடின நீர்

மூட்டையை இறக்கியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
"கருவாடாங்க?"
பாசி என்றேன்.
"கோக்கற பாசியா, குளத்துப் பாசியா?"
இரண்டும் இல்லை என்று
செவ்வாய்ப்பேட்டை லாரி செட்டில்
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

சாக்கின் வாயில் ஓர் அட்டை.
முனியாயி, சின்னப்பாலம், 28 கிலோ.
எட்டு மட்டும் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது,
பேனா முதலில் ஒத்துழைக்கவில்லை போல.

உள்ளே
தேயிலைச் சக்கை நிறத்தில்
மொடமொடவென்று ஒரு கடல்.
மிளகளவு காற்றுக் குமிழ்கள்,
அறுந்த நைலான் நரம்பு,
உயிர் போன ஒரு சங்கு.

சீலநாயக்கன்பட்டியில்
ஜவ்வரிசி ஓட்டி நொடித்த ஆலையின்
பின்கட்டு எனக்கு வாடகைக்கு.
மூன்று தண்ணீரில் அலசி,
அரைத்து,
நீர்த்த அமிலத்தில் ஓர் இரவு.
அமிலத்தோடு வேறொரு சர்க்கரையும் கரைந்து போகும்.
ஃபியூகோய்டன்.
கிலோவுக்கு என்ன விலை தெரியுமா என்று
கோயம்புத்தூரில் ஒருவர் கேட்டார்.
தெரியும். அதைப் பிடிக்க என்னிடம் பாத்திரம் இல்லை.

பிறகு சோடா உப்பு, அறுபது டிகிரி,
மூன்று மணி நேரக் கிண்டல்.
இலை இலையாக இருந்தது
இருந்த இடம் தெரியாமல் போய்
துடுப்பைத் திருப்ப விடாமல் இழுக்கும்.
பூங்காவனம் ஒரு முனை, நான் ஒரு முனை,
மல்லுத்துணியில் முறுக்கிப் பிழிவோம்.
"சளி மாதிரி இருக்குதுங்க்கா" என்பாள்.
அதுதான் சரக்கு என்பேன்.

அன்றைக்குப் பிழியவே வரவில்லை.
இளக்கலாம் என்று தண்ணீர் விட்டேன்,
கட்டி.
இன்னும் விட்டேன்,
இன்னும் கட்டி.
எண்ணூறு ரூபாய் சோடா உப்பும்
இருபத்தெட்டு கிலோ கடலும்
அண்டாவில் தயிராய் முறிந்து கிடக்க,
போனை எடுத்துக் கத்தினேன்.
மணலும் சிப்பியும் கலந்து அனுப்பினாயா,
இருநூறு பிடித்துக்கொள்வேன் என்றேன்.

காற்றுச் சத்தத்துக்கு நடுவே
முனியாயி நிதானமாகச் சொன்னாள்:
"யம்மா, பாசியத்தான் அனுப்புனேன்,
கடலயா அனுப்புனேன்?
ஒங்க தண்ணிய நீங்க பாருங்க."

பார்த்தேன்.
எண்ணூறு அடி ஆழத்து போர்த் தண்ணீர்.
சோப்பு நுரைக்காது,
கெட்டில் அடியில் வெள்ளைத் தோல்,
எங்கள் தெருவில் மூன்று பேருக்குக் கல்லடைப்பு.
எதிரே வெள்ளைக்கல் மலையின்
மக்னீசியம் வந்தால் ஆல்ஜினேட் கண்டுகொள்ளாது.
சுண்ணாம்புச் சத்து வந்தால்தான்
ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும்.
புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.
அண்டா முன்னால் நின்றபோது
நினைவுக்கு வந்தது முனியாயியின் இருநூறுதான்.

மறுநாள் மேட்டூர்த் தண்ணீர் லாரி.
கரைசல் தேனாக இறங்கியது.
ஆனாலும் மனம் கேட்காமல்
கால்சியம் கரைத்த டம்ளருக்குள்
ஒரு சொட்டு விட்டேன்.
விழுந்தது உருண்டையாய் நின்றது.
இன்னொன்று. இன்னொன்று.
பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்,
பதினோரு வருஷம் ஜவ்வரிசி சலித்தவள்.
ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினாள்,
வழுக்கி ஓடியது.
"இது வேகாதுங்க்கா" என்று தீர்ப்புச் சொன்னாள்.
கோக்கற பாசிதான் என்று
அந்த லாரி செட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம்.

பொன்னம்மாபேட்டை சாந்தாராம்
அரைக் கிலோ வாங்கிப்போய்ச் சாயத்தில் கலந்தார்.
இந்த ஊர் மாவில் கெட்டிப்படுத்தினால்
சாயம் மாவையும் பிடித்துக்கொள்ளும்,
துணி அட்டையாய் விறைக்கும்.
இது பிடி கொடுப்பதில்லை.
மாங்காய்க் கோடு கலையாமல் காவல் நின்று
நிறத்தை நூலிடம் விட்டுவிட்டு
அலசினால் போய்விடுகிறது.
எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை.
திருமணிமுத்தாறு வரை எனக்குத் தெரியும்.
கடல்வரை போக
வழியில் இத்தனை சுண்ணாம்பு விடுமா,
தெரியாது.

ராத்திரி முனியாயிக்கு இருநூறை அனுப்பினேன்.
மன்னிப்பு என்று ஒரு வரி அடித்து
அழித்துவிட்டு
"தண்ணிதான்" என்று மட்டும் போட்டேன்.

காலையில் பதில் இருந்தது:
"வந்துருச்சு.
வாடைக் காத்து. பத்து நாளைக்குப் பாசி இல்ல."