ஒரு ‘அ’

ரயில்வே கேட் போட்டுவிட்டால்
நீடாமங்கலம் அப்படியே நின்றுவிடும்.
அப்படி நின்ற ஒரு பகலில்
மன்னார்குடி பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கி
இ-சேவை மையத்துக்குள் வந்தவர்
மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை
என் மேசைமேல் கவிழ்த்தார்.
‘பேரு மாத்தணும்.’

ரேஷன் அட்டையில் வேண்டாம்மிர்தம்.
நூறு நாள் அட்டையில் வேண்டாமிருதம்.
கூட்டுறவு சங்க ரசீதில் வே. அமிர்தம்:
யாரோ ஒரு கணக்கர் கூசியிருக்கிறார்.
பேங்க் புத்தகத்தில்தான்
நடுவே ஓர் இடைவெளி விழுந்து
முதல் பெயர்: வேண்டாம்
என்று ஆகியிருந்தது.

நான் சிரித்துவிட்டேன்.
இதை எழுதாமல் மேலே எழுத முடியாது.
அதற்குள் அவர் சிரித்து முடித்திருந்தார்.
நாற்பத்தேழு வருஷமாக
எதிராளிக்கு முந்திச் சிரித்துப் பழகிய வாய்.

நான்காவது பெண்.
செங்கமலம், தையல்நாயகி, கமலா என்று
நல்ல பெயர்கள் தீர்ந்துபோயிருந்தன.
அடுத்து வந்தவன் ராஜகோபால்.
‘பேரு வேல செஞ்சிடுச்சுல்ல’ என்றார்.
‘என்னய வேண்டாம்னதும் அவன் வந்துட்டான்.’

விண்ணப்பத்தில் காரணம் கேட்கிறது.
பெரும்பாலும் எண் கணிதம் என்பார்கள்,
ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டு
புதுக் கடை திறப்பார்கள்.
இவர் யோசித்தார்.
கேட் திறந்து, லாரிகள் அலறிக்கொண்டு நகர்ந்து,
அந்த பஸ்ஸும் அவரை விட்டுவிட்டுப் போனது.

‘மவளுக்கு நர்ஸிங் சீட்டு கெடச்சிருக்கு.
ஃபாரத்துல தாயார் பேரு கேக்குது.
எல்லாம் எழுதியிருக்கா,
அந்த எடம் மட்டும் வெறும் கோடா கெடக்கு.’

கொஞ்சம் பொறுத்து,
‘ஜோசியம்னு போட்டுக்க.’

மேட்டூர் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது.
மூணாறு தலைப்பில் செங்காவி நுரையோடு
வெண்ணாறாக வந்து முட்டும் தண்ணீர்
ஒரு ஷட்டரைத் தாண்டினால் கோரையாறு,
இன்னொன்றைத் தாண்டினால் பாமணியாறு,
மிச்சம் வந்த பெயரோடே போகும்.
தண்ணீரிடம் யாரும் கேட்டதில்லை.
எந்தக் கதவைத் தூக்கினார்களோ அந்தப் பெயர்.
தஞ்சாவூரில் ஒன்றை
தொண்ணூறு வருஷமாகப் புதாறு என்கிறார்கள்.
அதுவும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறது.

இவர் சொன்னார்.

புதிய பெயர்க் கட்டத்தில்
பழைய பெயரையே ஒட்டிவிட்டு
முன்னாலிருந்து அழித்தேன்.
வே
ண்
டா
அழிந்ததும்
மிர்தம் என்று நின்றது,
தலையில்லாமல்.
வேண்டாம் வந்து மோதிய வேகத்தில்
அமிர்தத்தின் முதல் எழுத்து
பிறந்த அன்றைக்கே விழுங்கப்பட்டிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

‘இங்க ஒரு அ வேணும்’ என்றேன்.

‘வேணுமா?’

‘வேணும்.’

திரைக்கு அருகில் குனிந்து வந்தார்.
நடவு வயலின் வாசனை,
நகக்கண்ணில் சேறு.
‘போடு’ என்றார்.

அரசிதழ் வர ஐப்பசி ஆகிவிட்டது.
ஃபாரம் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது.
கோடு போட்ட இடத்தில் அந்தப் பெண்
பழைய பெயரையே எழுதிவிட்டாளாம்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்,
குண்டு குண்டாக.
அப்புறம் எதற்கு இது என்று நான் கேட்கவில்லை.
அப்பா வைத்த பேரை மாற்றினாயா என்று
ராஜகோபால் திருப்பூரிலிருந்து போனில் கத்தினானாம்.
அதையும் அவராகத்தான் சொன்னார்,
மழைக் கோணியை மடித்துக்கொண்டே.

ஆனால் இது அதற்கு முன்னால்:
பெஞ்சில் ஆறேழு பேர்.
கூரையில் மழை.
‘அமிர்தம்’ என்று கூப்பிட்டேன்.
இவர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார்,
உன்னைத்தான், எழுந்து போயேன் என்பதுபோல.
‘அமிர்தம், நீங்கதான்.’

எழுந்திருக்கவில்லை.
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு
‘இன்னொருக்கா கூப்புடு’ என்றார்.

வெளியே கேட் போட்டிருந்தார்கள்.
நேரம் கிடந்தது.
கூப்பிட்டேன்.