இருநூற்று நாற்பதின் அடிக்குறிப்பு

ஈரோட்டில், மணிக்கூண்டுக்குப் பின்சந்தில்,
குப்பண்ணன் அச்சகத்தில் பிழை பார்ப்பது என் வேலை.
காதுகுத்துப் பத்திரிகை, விசைத்தறிச் சங்கத்து ஆண்டறிக்கை,
இந்த மாசி முழுக்க
வேதத்தின் தமிழுரை, இரண்டாம் அத்தியாயம் மட்டும்.

இருநூற்று நாற்பதாம் வசனத்தில் வண்டி நின்றுவிட்டது.
சாகப்போகிறவன் தன் மனைவிக்கு
ஒரு வருஷச் சோறும் அதே கூரையும்
சொல்லிவைத்துவிட்டுப் போகட்டும் என்கிற வசனம்.
இருநூற்று முப்பத்து நாலோ
நாலு மாதம் பத்து நாள் என்கிறது.

'இதன் சட்டம் மாற்றப்பட்டது' என்று
மூன்றாம் குறிப்பு எழுதியவர் பள்ளப்பட்டி பீர் முகம்மது ஹஜ்ரத்.
பச்சை மையில் அதை அடித்தவர்
நூருல் அமீன் மௌலவி.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள்.
தாள் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஸ்டூல்.

"முன்னால் நிற்கிற வசனம்
பின்னால் நிற்பதை எப்படி நீக்கும்?"
"அடுக்கிய வரிசை வேறு தம்பி, இறங்கிய வரிசை வேறு."
"நாலு மாதம் அவள் கடமை, வருஷம் அவள் உரிமை.
இரண்டும் மோதவே இல்லையே."
"பங்கு வசனம் வந்த பிறகு சாசனம் எதற்கு?
மனைவிக்கு அல்லாஹ்வே எழுதிவிட்டான்."
"பொருத்த வழி இருக்கையில் நீக்கக் கூடாதென்று
அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு, ஹஜ்ரத்."
"உண்டு. எத்தனை பேர்?"

மொத்தம் எத்தனை வசனம் மாறியது,
அந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.
இருநூறு என்றவர்கள் உண்டாம், இருபதாக இறக்கியவர்கள் உண்டாம்,
ஐந்து என்றவர், ஒன்றுமே இல்லை என்றவர்.

குப்பண்ணன் டீயை நீட்டினார்.
"ஏனுங்க, கீழ்பவானியில ஒத்தப்படை மதகு, ரெட்டப்படை மதகு மாதிரிங்களா?
இந்த முறை மூடுனது அடுத்த முறை தொறக்குமே."
"அப்படியும் சொன்னவர்கள் உண்டு" என்றார் மௌலவி.
"வாய்க்காலை இதுக்குள்ள விடாதீங்க" என்றார் ஹஜ்ரத்.
"சரிங்க. மாத்துன வரியை எடுத்துப்போட்டா பக்கமாச்சும் மிச்சமாகுமுங்களே?"
"கூடாது."
இருவரும் ஒரே நேரத்தில்.
ஓத வேண்டிய வரி, எழுத்துக்குப் பத்து நன்மை.
அன்று அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம்.

எனக்கு இது எட்டாம் மாதம்.
கருங்கல்பாளையத்து வீட்டில்
பாதி மகள் ரிஸ்வானாவுக்கு,
எட்டில் ஒன்று எனக்கு,
மீதி எட்டில் மூன்று கொழுந்தன் ஜமாலுக்கு.
கணக்கில் பிழையில்லை. இரண்டு முறை பார்த்தேன்.
எட்டில் ஒன்றென்றால் அடுப்படியும் துவைக்கிற கல்லும்.
அவர் எதுவும் எழுதிவைக்கவில்லை,
சட்டைப்பையில் சாயப்பட்டறை டோக்கன் ஒன்று இருந்தது.
போன ஞாயிறு ஜமால் ஆள் கூட்டிவந்து
சுவரை நாடா பிடித்து அளந்தான்.

மௌலவி பேசும்போது இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.
என் வீட்டு வாசலில் நின்று வாதாடுகிற மாதிரி இருந்தது.
போகும்போது கேட்டார்:
"வெள்ளிக்குள் பக்கம் ரெடியாகுமா?"

வியாழன் மதியம் ஹஜ்ரத் மட்டும் வந்தார்.
குப்பண்ணன் சொல்லியிருக்க வேண்டும்.
உட்காரவில்லை. ஆளுயரக் காகிதக் கட்டைப் பார்த்துப் பேசினார்:
"ஜமால் நம்ம மதரசாவுல ஓதின பையன்.
வருஷம் முடியறவரைக்கும் நாடாவைச் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கேன்."

"அந்தச் சட்டம்தான் மாறிவிட்டதே, ஹஜ்ரத்?"

"மாறித்தாம்மா போச்சு" என்றார்.
"குறிப்பு அப்படியே இருக்கட்டும்."

இரண்டு குறிப்பும் அச்சேறுகின்றன.
மேலே வசனம் நாலு வரி,
கீழே பொடி எழுத்து வழிந்து அடுத்த பக்கத்தில் பாதி வரை.
கடைசிப் படியில்
'மாற்றப்பட்டது' இருக்க வேண்டிய இடத்தில்
'மாற்றப்படாது' என்று விழுந்திருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பில் சுழித்துத் திருத்திவிட்டு
ஆறரை பஸ்ஸுக்கு ஓடினேன்,
பைக்குள் சாவி இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தபடி.