ஒரு சதுரம்

பிப்ரவரியில் ஸ்கொத்தே ஒரு கையுறையை விழுங்கினாள்.
வாத்ஸோவில் மருத்துவர் அவள் விலாவில்
இயந்திரத்தை ஓட்டி ஒரு சதுரம் மழித்தார்,
உள்ளங்கை அகலம்.
கையுறை வெளியே வந்துவிட்டது.
இடது கை, ஒட்வாருடையது.
சதுரம்தான் இன்னும் போகவில்லை.

ஸ்கொத்தே என்றால் எங்களுக்குக்
கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனி.
பெயர் வைத்தபோது நிறத்தை மட்டுமே நினைத்தோம்.
மே மாதம் வந்ததும் குணமும் அதுவே என்று புரிந்தது.
காப்பியில் மிதக்கிறாள்,
ரொட்டி மாவில் பிசைபடுகிறாள்,
மூக்குக் கண்ணாடியின் திருகில் சுற்றிக்கொள்கிறாள்.
வரி அலுவலகத்துக்கு நான் ஒட்டிய உறையின் பசைக்குள்
மூன்று இழையாகப் போய்
இந்நேரம் ஆஸ்லோவைப் பார்த்திருப்பாள்.

"மழித்துவிடுவோம்" என்றான் ஒட்வார்.
"ஒரு சதுரம் போயாச்சு, மிச்சமும் போகட்டும்,
பார்க்கச் சமமாக இருக்கும்.
பாவம், வெயில் வேறு."

வெயிலாம்.
வார்தோ தீவில், பதினோரு டிகிரியில்,
தலையில் கம்பளிக் குல்லாவோடு நின்று
சொல்கிறான்.

நான் குனிந்து அவள் முதுகில் எதிர்ப்பக்கமாக ஊதினேன்.
ரோமம் வகிடு பிரிந்தது.
மேலே முரடானது, முனை கறுத்தது,
மழையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது.
அடியில் பஞ்சு.
அதற்கும் அடியில் தோல்,
ஐந்து வருடமாகக் கடலோரம் வாழ்ந்தும்
ஈரம் என்றால் என்னவென்று தெரியாத தோல்.
வெயிலும் அங்கே இறங்குவதில்லை, ஒட்வார்.
மழித்தால் அவளுக்குக் குளிர்ச்சி வராது,
வீட்டுக்கூரையைப் பிரித்தது போல இருக்கும்.

சதுரத்தைப் பார்.
பஞ்சு மட்டும் அவசரமாக முளைத்துவிட்டது.
முரடு வரவில்லை. வருமா,
மருத்துவரும் தோளைக் குலுக்கினார்.
தூறலில் நடந்து திரும்பினால்
நாய் முழுக்கக் காய்ந்திருக்க
அந்த இடம் மட்டும் நனைந்த பூனை.

ஞாயிறு, காற்று விழுந்திருந்தது.
வலைக் கொட்டகையின் பின்னால் உட்கார்ந்தோம்.
குளிப்பாட்டுவது பிறகு. முதலில் சிக்கு;
தண்ணீர் பட்டால் சிக்கு கம்பளமாக இறுகிவிடும்.
இடது கையால் ரோமத்தை மேலே ஒதுக்கி,
அடியிலிருந்து ஒரு வரி,
அதன் மேல் இன்னொரு வரி,
தோல் தெரியத் தெரிய வாரினேன்.
காதின் பின்னே ஒரு முடிச்சு, கொட்டைப்பாக்கு அளவு.
வேரை இரண்டு விரலால் இறுகப் பிடித்து
நுனியிலிருந்து பிரித்தேன்,
இழுப்பு அவளுக்குத் தெரியாதபடி.
தெரிந்தது.

தொடைப் பக்கம் போனதும் வாரியைக் கடித்தாள்.
ஒட்வார் குல்லாவைக் கழற்றி வைத்துவிட்டு
அவள் தலையை முழங்கால்களுக்கிடையே அணைத்துக்கொண்டு
இந்த வாரக் காட் மீன் விலையை
முதல் தரம், இரண்டாம் தரம் என்று
காதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.
நெத்திலி விலை சொன்னபோது தூங்கிவிட்டாள்.

நான்கு பை நிரம்பிற்று. நாய் பாதியாயிற்று.
ஐந்தாவதைக் கட்டுமுன் காற்று எழுந்தது.
அடுத்த வீட்டு ஆஸ்லாக் சன்னலைத் திறந்து
தன் படுக்கை விரிப்புகளுக்குத் தாடி முளைத்திருப்பதாகக் கத்தினாள்.
நியாயம்தான். கறுப்புப் பாவாடைக்கும் முளைத்திருந்தது.
வேலியில் ஒரு குருவி,
தன்னைவிடப் பெரிய மீசையோடு,
எப்படிப் பறப்பதென்று யோசித்துக்கொண்டிருந்தது.

இரவு என்பது பேருக்குத்தான், சூரியன் இறங்கவில்லை.
ஒட்வார் தன் பழைய மழைக்கோட்டின் கையை வெட்டி
வலைநூலால் எதையோ தைத்துக்கொண்டிருந்தான்.
கேட்டால், "ஒன்றுமில்லை" என்றான்.
காலையில் தூறியது.
மஞ்சள் துண்டு ஒன்று, இரண்டு வாரோடு,
சரியாகச் சதுரத்தின் மேல்.

கலங்கரை விளக்கம் வரை நன்றாகத்தான் போனாள்.
திரும்பும்போது வாயில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது.
ஓடிப்போய்ப் பிடுங்கினேன்,
முக்கால்வாசி கிடைத்தது.