இரண்டு மூன்றரை

கயானி நகரத்து வெப்ப நிலையத்தில்
எனக்கு இரவுப் பணி.
கணினிக்கு நேரம் சொல்லி வைத்திருக்கிறேன்:
ஒரு மணிக்குக் கொதிகலன் அட்டவணை,
இரண்டே காலுக்கு
மரச்சில்லு லாரிகளின் பட்டியல்.
யாரும் தொடாமலே திறக்கும்.
நான் பாட்டுக்குக் காபி கலக்கிக்கொண்டிருப்பேன்.

மூன்றரைக்கு ஒரு கடிதம்.
அதையும் நான்தான் வைத்தேன், செப்டம்பரில்,
என் கை தானாக அந்தப் பக்கம் போகாது என்று தெரிந்து.
"இம்மாத இறுதியோடு
என்னைப் பணியிலிருந்து விடுவிக்கவும்.
ஹில்க்கா கெம்ப்பைனன்."
தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.

தினமும் வரும். தினமும் மூடுவேன்,
கடன் கேட்டு வந்தவரிடம்
நாளைக்குப் பார்க்கலாம் என்பதுபோல.

இன்று அக்டோபரின் கடைசி ஞாயிறு,
நாடே கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் இரவு.
மூன்றரை வந்தது. மூடினேன்.
நான்கு அடிக்க வேண்டிய நொடியில்
திரையின் மூலை மூன்று என்றது.
கொதிகலனுக்கு அது தெரியாது,
அது பாட்டுக்கு எரிந்தது.
பதிவேட்டில் ஒரே மணிக்கு
இரண்டு வெப்பம் எழுதினேன்:
முந்தைய மூன்று, பிந்தைய மூன்று.

மறுபடி மூன்றரை.
மறுபடி கடிதம்.

ஒரே இரவில் இரண்டு தடவை
நாளைக்கு என்று சொல்ல
வாய் வரவில்லை.
மூடவில்லை. அனுப்பவும் இல்லை.
காபி ஆறி ஆடை கட்டியது.

ஆறு மணிக்கு மௌனோ வந்தான்,
என்னை மாற்றிவிட.
கோட்டைக் கழற்றாமலே
குனிந்து திரையைப் படித்தான்.
உருகிய பனி விசைப்பலகையில் சொட்டியது.

"தேதி போடலையே" என்றான்.