கேட்டுக்கு இந்தப் பக்கம்

மாற்றல் ஆர்டர் வந்த ராத்திரி
தூத்துக்குடியில் கட்டிலில் படுத்தபடியே
செல்போனில் வடசென்னையை இரண்டு விரலால் விரித்தோம்.
துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு, அவ்வளவுதானே என்றார் ரெமிஜியுஸ்.
அவருக்குக் கன்டெய்னர் எங்கே இறங்கினாலும் கன்டெய்னர்.
எனக்கு மெல்பா மூன்றாம் வகுப்பு.

திரையெங்கும் பள்ளிகள், சிவப்புப் புள்ளிகளாய்.
ஒன்றுக்கு நாலரை நட்சத்திரம்.
யார் கொடுத்தார்கள், எந்தப் பிள்ளையின் தாய்,
காலை எத்தனை மணிக்கு எழுபவள்,
எதுவும் போடவில்லை.

வீடு முதலிலா பள்ளி முதலிலா?
பதில் சொல்ல ஆறு நாள் லீவு.

புரோக்கர் கன்னியப்பன் மொபெட்டில் முன்னால் போக
நாங்கள் ஷேர் ஆட்டோவில் பின்னால்.
கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது.
"இத்த தாண்டிக்கினா ரெண்டாயிரம் கம்மிம்மா,
தண்ணியும் நல்லா வர்து" என்றார்
திரும்பிப் பார்க்காமல்.

முதல் பள்ளியின் வரவேற்பறையில் மீன்தொட்டி.
படிவம் ஐந்நூறு ரூபாய்.
அப்பாவின் படிப்பு என்ன என்ற கட்டத்தில்
இவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கூப்பிடுகிறோம் என்றார்கள்.
ஒற்றை மீனுக்கு எதிரே நின்று
மெல்பாவும் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

இரண்டாவதில் மொட்டை மாடிதான் விளையாட்டு மைதானம்.
சுற்றிலும் பச்சை வலை.
ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் படிக்கட்டு முழுக்க.
நான் கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை,
ஓட்டைக்குள் யாரோ திணித்த துணி.

மூன்றாவது மாநகராட்சிப் பள்ளி.
இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.
நான் உள்ளே போய்ப் பார்த்தேன்:
மேலே ஒரு தாழ்ப்பாள்,
கீழே, எட்டு வயசுக் கை எட்டும் உயரத்தில், இன்னொன்று.
யார் வைத்தது?
"தெரிலமா, போன வருஷம் கார்பென்டர் வந்தாரு"
என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள் ஆயா.

சாயங்காலம் கேட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டைப் பார்த்தோம்.
இரண்டு அறை, கிழக்கே ஜன்னல்,
சுவரில் பழைய குடித்தனத்தின் ஆணிகள்.
பள்ளிக்கு நானூற்றைம்பது மீட்டர்
ஆறு நிமிஷ நடை என்றது செல்போன்.
அதில் கேட் இல்லை.

திரும்பும்போது மறுபடி மூடினார்கள்.
எண்ணெய் டாங்கிகள் ஐம்பத்திரண்டு எண்ணினேன்.
கடைசி டாங்கி போன பிறகும் கம்பம் ஏறவில்லை,
எதிர்த் தடத்தில் இன்னொன்று வர வேண்டுமாம்.
யூனிஃபார்ம் பிள்ளைகள் நாலு பேர்
பையைக் கழற்றி முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு
பிறகு தலையைக் குனிந்தார்கள்.
ரொம்பப் பழக்கமான குனிவு.
பதினேழு நிமிஷம்.

இந்தப் பக்கமே எடுத்தோம்.
ஒற்றை அறை.
அடுக்களையில் ஒருவர் திரும்ப
மற்றவர் வெளியே வர வேண்டும்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாயிரத்தைப் பதினொன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு
அட்வான்ஸை இன்னொரு தடவை எண்ணினார்.
ஊரிலிருந்து கொழுந்தனார் போன்:
"கார்ப்பரேஷன் ஸ்கூலாக்கும்?"
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.
தாழ்ப்பாளைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது.

ஜூன் பிறந்தது.
பெல் அடிக்கிற சத்தம் வீட்டுக்கே கேட்கும்.
சாலை தாண்ட வேண்டாம், தண்டவாளம் தாண்ட வேண்டாம்,
கெட்டிக்காரிதான் நான் என்று
இரண்டு வாரம் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் மெல்பாவுக்குத் தோழி கிடைத்தாள்.
தில்ஷாத்.
பெஞ்சில் தன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிக்கிறாளாம்.
வீடு எங்கே என்றேன்.
"கேட்டுக்கு அந்தாண்ட" என்றாள்,
அந்தாண்ட என்ற சொல்லை எப்போது பிடித்தாளோ.

எட்டேமுக்காலுக்கு ஹாரன்.
பின்னுகிற சடை என் கையிலிருந்து நழுவும்படி
தலையைத் திருப்புகிறாள்.
"அம்மா, தில்ஷாத் இப்பதான் வந்துட்டிருப்பா."

ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுவருக்கு அப்பால்
ஒவ்வொன்றாக எண்ணுகிறேன்.