லாஸ்ட்

கஸ்பாவில் தஸ்தகீர் பாய் கிடங்கில்
கணினிக்கும் உடைந்த குடத்துக்கும் ஒரே தராசு.
"கிலோவா, பீஸாம்மா?" என்றார்.
பீஸ் என்றேன்.
ஆறு வருடமாய் எனக்குச் சம்பளமும்
பீஸ் கணக்கில்தான்.

ஆம்பூரில் அப்பர் வெட்டும் கை இது.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிசைன் ரூம்.
குளிர் அங்கே. எங்களுக்கு ஃபேன்.
சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன்:
திரையில் ஒரு ஷூ
யார் காலும் இல்லாமல் தானே திரும்பும்.
ஒரு கறுப்புக் கட்டத்தில் எதையோ தட்டுவார்கள்,
அது நின்றுவிடும்.
"அது யூனிக்ஸ்" என்றான் ஏசி துடைக்க வந்த பையன்,
ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

சீட்டை மூன்றாம் மாதமே தள்ளி எடுத்தேன்.
கையில் நாலாயிரத்து இருநூறு.
பையில் ஜெராக்ஸ் எண்பது பக்கம்,
புரிந்தது முப்பது.

முதலில் கண்ணில் பட்டது ஆக்டேன்.
மயில்கழுத்து நிறம்.
அக்னி நட்சத்திரத்துத் தகரக் கூரைக்குக் கீழே
அது நின்ற மூலையில் மட்டும் ஐப்பசி.
தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை.
மானிட்டர் கேபிளின் தலை
எந்தக் கடையிலும் இல்லாத தலை.
டிஸ்க் போனால் சென்னை,
சென்னையில் இல்லையென்றால் இல்லை.
அது ஓடினால் எங்கள் போர்ஷனில் ஃப்யூஸ் போகும்,
மாடியிலிருந்து மல்லேஸ்வரியம்மா இறங்கி வருவார்.
"கலருக்கு ஐநூறு கூட" என்றார் பாய்.
டான் ஒரு விலை, செர்ரி ஒரு விலை.
வெட்டுகிறவளிடமே சொல்கிறார்.

கடைசியில் இருந்தது சன், அல்ட்ரா ஃபைவ்.
வெளுத்த பிஸ்கட் டப்பா.
நாலு திருகு கழற்றிப் பார்த்தேன்:
சாதாரண டிஸ்க். காட்பாடி ரோட்டில்
பழசு முந்நூறுக்குக் கிடைக்கும்.
சாதாரண மானிட்டரும் ஒட்டும்.
கீபோர்டு மட்டும் அதன் சொந்த ஜாதி.
அது இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று நின்றேன்.
அரை மணி நேரம் தோண்டித் தந்தார்,
ஸ்டாப் சாவிக்கு அடியில் எறும்புப் புற்றோடு.

மின்சாரம் கொடுத்தோம். இருமியது.
உள் பேட்டரி செத்துவிட்டது என்றது,
தன் எண்ணே தனக்கு மறந்துவிட்டது என்றது,
இன்று என்ன தேதி, அதுவும் தெரியாது.
இத்தனையும் சொல்லிவிட்டுக்
கீழே சின்ன எழுத்தில்: ஓகே.
"பாருங்க, அதுவே ஓகேன்னு சொல்லுதே"
பாய் கை நீட்டினார்.
மூவாயிரத்து இருநூறு.

பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோ மெதுவாய்ப் போனது.
தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை
என்று எங்கள் ஜில்லாவைக் கேலி பேசுவார்கள்.
மடியில் பேரில்லாப் பெட்டி,
கடவுச்சொல்லும் இல்லாதது.
ரயிலில் ஒருத்தி கேட்டாள், டெக்கா என்று.
ஆமாம் என்றேன், ஜோலார்பேட்டை வரை அவள் பேசுவாள்.

மூன்று ராத்திரி தோற்றேன்.
ஒரு ராத்திரி கரண்ட் போனது, அது என் தப்பில்லை.
நாலாவதில் ஒரு சிடியைப் போட்டுப் பின்வாசலால் நுழைந்து
பழைய பூட்டை அழித்தேன்.
எனக்கென்று ஒரு கணக்குத் திறந்தேன், குமுதவல்லி.
எட்டெழுத்துக்குமேல் அதற்கு ஆகாதாம்.
குமுதவ் ஆனேன்.

ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டளை: லாஸ்ட்.
கடைசியாய் யார் யார் வந்துபோனார்கள் என்று காட்டும்.
எங்களுக்கு லாஸ்ட் என்றால்
ஷூவுக்குள் இருக்கும் கட்டைக்கால்.
வடிவம் வந்ததும் உருவிவிடுவார்கள்.
தட்டினேன்.
எத்திராஜ், எத்திராஜ், மாஸ்டர், எத்திராஜ்,
ஞாயிற்றுக்கிழமையும் எத்திராஜ்,
ஒரு நவம்பரோடு நின்றுபோன எத்திராஜ்.
எல்லாருக்கும் மேலே, முதல் வரியில், நான்.

தேதி தெரியாத பெட்டி போட்ட தேதி:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
நான் பிறக்க இன்னும் ஒன்பது வருடம்.
காலை ஐந்து நாற்பது,
கம்பெனி பஸ் வரும் நேரம்.

தேதியைத் திருத்துவது அறுபதாம் பக்கத்தில் இருக்கிறது.
நாளைக்குப் பார்க்கலாம்.